மீன் சோர்ந்தால் பத்து நாள் பின்னால் போய்ப் பாருங்கள்

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே மீன் கணக்கும் இருக்கும். கட்டத்துக்குள் 'த' என்று இருந்தால் அன்றைக்குத் தொட்டித் தண்ணீர் மாற்றினேன். 'ஃ' என்றால் ஃபில்டர் பஞ்சை அலசினேன். 'பு' என்றால் புது மீன் வந்தது. கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றிருந்தால் எத்தனை மணி நேரம் என்று எழுதுவேன். ஏழு வருடமாக இப்படித்தான். இந்தப் பழக்கம் வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் செத்த மீன்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனத்துப் போகிறது.

2018 பொங்கல் லீவில் மகளுக்காக ஒரு 2 அடித் தொட்டி வாங்கினோம். எங்கள் வீடு சென்னை வில்லிவாக்கத்தில். கொளத்தூர் கலர் மீன் கடைகளுக்கு ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். மகளுக்கு அப்போது ஆறு வயது, வயசுக்கு ஒன்றாக ஆறு கோல்ட் ஃபிஷ் கேட்டாள். அன்று சாயங்காலமே தொட்டியைக் கழுவி, போர் தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு ஆறையும் விட்டோம். கல்லெல்லாம் போக 50 லிட்டர் தண்ணீர் இருந்திருக்கும்.

நான்காம் நாள் தண்ணீர் அரிசி களைந்த மாதிரி கலங்கியது. ஐந்தாம் நாள் காலையில் ஆறு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வாங்கின கடைக்கு ஓடினேன். ஒரு சின்ன பாட்டிலில் நீல மருந்து கொடுத்தார்கள். தொட்டி, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் குழாயடியில் நன்றாகக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி மருந்தை விடுங்கள் என்றார்கள். ஒரு எழுத்து மாறாமல் அப்படியே செய்தேன். அந்த வாரத்துக்குள் நான்கு மீன் போய்விட்டது. ஒவ்வொன்றையும் மகளுக்குத் தெரியாமல் எடுத்து, 'அது கல்லுக்குப் பின்னால தூங்குது' என்று சொன்னேன். அதை இன்றைக்குச் செய்ய மாட்டேன். நிஜத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

மிச்சம் இரண்டையாவது காப்பாற்ற வேண்டுமென்று விசாரித்துக்கொண்டு போனபோதுதான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். கொளத்தூரில் உள்தெரு ஒன்றில், மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி கட்டி மீன் வளர்த்துக் கடைகளுக்குப் போடுகிறவர். அந்தப் பக்கம் அப்படிப் பல குடும்பங்கள் உண்டு.

"ஐயா, என்ன மருந்து போடணும்?" என்றேன்.

"மருந்தை விடு தம்பி. தண்ணி என்னிக்கு ரொப்புன? மீனு என்னிக்கு உட்ட? நடுவுல என்னெல்லாம் பண்ண? மொதல்லேர்ந்து சொல்லு."

நாள்கணக்கு எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. செவ்வாயா புதனா என்று தடுமாறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒன் மீனுக்கு வியாதி இல்ல, அது மூத்திரத்துலயே அது மூச்சு முட்டுது" என்றார்.

அவர் சொன்னதையும் அப்புறம் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக மீன் வளர்க்கிறவர்கள் வீட்டில் நடக்கிற சாவுகளில் பெரும்பகுதி இதுதான். மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை விடுகிறது. மிச்சமான தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அது மீனுக்கு விஷம். பழகின தொட்டியில் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் நல்ல பாக்டீரியா அதை முதலில் நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான்; ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க விடாது, செவுள் காபி நிறத்துக்குப் போகும். அடுத்த கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் வெளியே போய்விடும். இந்த இரண்டு கூட்டமும் புதுத் தொட்டியில் வந்து நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நான் முதல் நாளே ஆறு மீனை விட்டேன். வந்து ஒட்ட ஆரம்பித்திருந்த கொஞ்ச நஞ்ச பாக்டீரியாவையும் குழாயடியில் கழுவித் தள்ளினேன். நீல மருந்து, அதாவது மெத்திலீன் புளூ, மிச்சத்தையும் கொன்றிருக்கும்.

எங்கள் போர் தண்ணீர் வேறு பி.எச். (தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் அளவு) 8 காட்டுகிற கடின நீர். அதே அளவு அம்மோனியா பி.எச். 7 தண்ணீரில் இருப்பதைவிட 8-ல் ஏறக்குறைய பத்து மடங்கு விஷமாக இருக்கும். வெயில் காலத்துச் சூடும் அதைக் கூட்டும். சென்னையில் போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர் சொன்ன வைத்தியம் எளிமையானது. தீனியை இரண்டு நாள் நிறுத்து. தினமும் கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்று. ஃபில்டரைத் தொடாதே. தன் தொட்டியில் ஊறிக்கிடந்த ஒரு பழைய ஸ்பாஞ்சைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். அழுக்குப் பிடித்து, கொழகொழவென்று, ஆற்றங்கரை மண் வாசனையோடு இருந்தது. அதை என் ஃபில்டருக்குள் செருகினேன். இரண்டு மீனும் பிழைத்தன. அன்று வாங்கிய அம்மோனியா டெஸ்ட் கிட்தான் இன்றுவரை நான் மருந்துக்கு முன்னால் கையில் எடுக்கிற பொருள். தண்ணீரில் சொட்டு விட்டால் மஞ்சளாக நிற்க வேண்டும். பச்சை ஏற ஏற அம்மோனியா கூடுதல் என்று அர்த்தம்.

காலண்டர் கணக்கும் அன்றே ஆரம்பித்தது. பெரியவர் கேட்ட கேள்விக்கு இனிமேல் முழிக்கக் கூடாது என்றுதான்.

2019 கோடை சென்னைக்காரர்களுக்கு மறக்காது. ஏரிகள் வறண்டு, எங்கள் போரும் ஜூனில் கைவிட்டது. லாரித் தண்ணீர்தான். முதல் லோடு சம்பில் இறங்கிய மறுநாள் வழக்கம்போலக் கால் பங்கு மாற்றினேன். அரை மணி நேரத்தில் மீன்கள் தொட்டிக்குள் அங்குமிங்கும் பாய்ந்தன, செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தது. பக்கெட்டை முகர்ந்தேன், குப்பென்று குளோரின். அதுவரை போர் தண்ணீர் என்பதால் அந்தப் பயமே எனக்கு இருந்ததில்லை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது என்று மீன் கடைக்கு ஓடி ஆன்டி குளோரின் சொட்டு மருந்து வாங்கிவந்து விட்டேன். அந்த முறை யாரும் சாகவில்லை. எந்தத் தண்ணீர் வந்தாலும் இப்போது ஒரு பக்கெட்டில் பிடித்து, ஏர் பம்ப் குழாயைப் போட்டு ஒரு நாள் வைத்திருப்பேன். அவசரமென்றால் ஆன்டி குளோரின். காலண்டரில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதும் ஏறியது.

அந்த வருடமே இரண்டு கோல்ட் ஃபிஷ்ஷும் வளர்ந்து 2 அடித் தொட்டி போதாமல் போனதால் 3 அடித் தொட்டிக்கு மாறினோம். அதில் 150 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

2020 நவம்பரில் நிவர் புயல் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால், லாக்டவுனில் வீட்டுக்குள்ளேயே கிடந்த மகளுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று மூன்று குட்டி கோல்ட் ஃபிஷ் வாங்கிவந்து நேராகப் பெரிய தொட்டியில் விட்டிருந்தேன். புயல் இரவில் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லை. ஏர் பம்ப் நின்றுவிட, சொம்பில் மொண்டு மேலேயிருந்து ஊற்றி ஊற்றிக் காற்றுக் கலந்தோம், நானும் மனைவியும் மாற்றி மாற்றி. தண்ணீர் 23 டிகிரிக்கு இறங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்து ஒரு குட்டி கல்லில் உடம்பைச் சாய்த்து உரசிவிட்டுப் போனது. அரிக்கிற முதுகை மாடு தூணில் தேய்க்கிற மாதிரி. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தேன். வால் துடுப்பில் ஐந்தாறு வெள்ளைப் புள்ளி. ரவை உப்பைத் தூவினது போல ஒவ்வொன்றும் தனித்தனியாக, லேசாக மேடு தட்டி. மறுநாள் எல்லா மீன் மேலும் இருந்தது.

இதுதான் வெள்ளைப் புள்ளி நோய். 'இக்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இக்தியோஃப்திரியஸ் என்கிற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. தொட்டி பழகினதுதான், அம்மோனியா மஞ்சளாகத்தான் நின்றது. காலண்டரைப் பார்த்தேன்: ஒன்பது நாள் முன்னால் 'பு'. புது மீனோடு வந்தது, குளிரிலும் மூச்சுத் திணறலிலும் சோர்ந்த மீன்களைப் பிடித்துக்கொண்டது.

கடையில் கிடைத்த மருந்தை மூன்று நாள் விட்டேன். புள்ளியெல்லாம் போய்விட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மருந்தை நிறுத்தினேன். நான்கு நாளில் புள்ளி திரும்பிவந்தது, முன்பைவிடப் பல மடங்கு. இரண்டு குட்டிகள் அதில் போயின.

இந்த இடத்தில்தான் ரொம்பப் பேர் ஏமாறுகிறோம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைப் புள்ளி மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிற ஒட்டுண்ணி. அங்கே இருக்கிறவரை எந்தத் தண்ணீர் மருந்தும் அதைத் தொடாது. தின்று பெருத்ததும் தானாகவே தோலைக் கிழித்துக்கொண்டு கீழே விழும். புள்ளி மறைந்தது என்று நாம் நினைப்பது இதைத்தான். கீழே கல்லில் ஒட்டிக்கொண்டு, மேலே ஓடு மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரியும். அந்த ஓட்டுக்குள்ளும் மருந்து போகாது. பிரிந்த குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடி நீந்துகிற ஒன்றிரண்டு நாள் மட்டும்தான் மருந்துக்குச் சாகும். ஆகவே வைத்தியம் என்பது அந்தக் குஞ்சுகள் வெளியே வரும்வரை காத்திருந்து அடிப்பது. தண்ணீர் குளிராக இருந்தால் இந்தச் சுற்று வாரக்கணக்கில் இழுக்கும். 26, 27 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடியும்.

இரண்டாம் முறை செய்தது இதுதான். ஹீட்டர் போட்டு, ஒரே மூச்சில் ஏற்றாமல், அரை நாளுக்கு ஒரு டிகிரி என்று 29 வரை கொண்டுபோனேன். சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், அதனால் காற்றைக் குமிழ் குமிழாக விடும் ஏர் ஸ்டோன் இரண்டாவதாக ஒன்று. கல் உப்பு லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் 300 கிராம், மூன்று பாகமாகப் பிரித்து, தனியாகக் கரைத்து, ஒன்றரை நாளில் ஊற்றினேன். உப்பைக் கல்லாக அப்படியே போட்டால் மீன் மேல் பட்டுத் தோல் புண்ணாகும். தினமும் குழாய் போட்டு அடிக்கல்லிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்தேன், ஒட்டிக்கிடக்கிற ஓடுகளும் அதோடு போகும் என்று. எடுத்த தண்ணீருக்கு உண்டான உப்பை மட்டும் புதுத் தண்ணீரில் சேர்ப்பேன். ஆவியாகிக் குறைந்ததற்கு வெறும் தண்ணீர்தான், ஏனென்றால் உப்பு ஆவியாகாது. ஐந்தாம் நாளே புள்ளி மறைந்தது. 14 நாள் முடியும்வரை நிறுத்தவில்லை. பழைய இரண்டும் ஒரு குட்டியும் பிழைத்தன. தொட்டியில் செடியோ, கோரிடோராஸ் மாதிரி உப்பு தாங்காத மீனோ இருந்தால் இந்த அளவு ஆகாது, குறைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு கற்றுக்கொண்டும் 2022 ஜனவரியில் தப்புச் செய்தேன். பழைய 2 அடித் தொட்டியில் ஏழு மோலி வளர்ந்துகொண்டிருந்தன. ஒரு கறுப்பு மோலியின் வாயோரம் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி. இன்னொன்றின் முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளிறின திட்டு. பனிக்காலம், போன முறை சூடு ஏற்றித்தானே காப்பாற்றினோம் என்று ஹீட்டரை 30-க்கு வைத்தேன். இரண்டே நாளில் நான்கு மோலி செத்தன.

அது இக் இல்லை, பூஞ்சையும் இல்லை. காலம்நாரிஸ் என்கிற பாக்டீரியா நோய். பார்க்கப் பூஞ்சை மாதிரியே இருக்கும். சூட்டில் அது வேகமாகப் பெருகும், நான்தான் அதற்கு அடுப்பு மூட்டிக் கொடுத்தேன். இப்போது எனக்குத் தெரிந்த அடையாளம்: தனித்தனி உப்புப் பரல் என்றால் இக். வெளியே நீட்டிக்கொண்டு நூல் நூலாக ஆடும் பஞ்சு, அதுவும் ஏற்கெனவே புண்பட்ட இடத்தில் என்றால் பெரும்பாலும் பூஞ்சை. வாயோரத்திலும் முதுகிலும் தட்டையாக, ஓரம் மஞ்சள் தட்டிப் பரவும் சாம்பல் வெள்ளைத் திட்டு, மணிக்கணக்கில் மோசமாகிறது என்றால் காலம்நாரிஸ் என்று சந்தேகப்பட வேண்டும். மிச்சம் மூன்று மோலியைத் தனி டப்பில் எடுத்து, சூட்டை 24-க்கு மெல்ல இறக்கி, உப்புப் போட்டு, தினமும் பாதித் தண்ணீர் மாற்றி, மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரைக் கேட்டு ஆன்டிபயாட்டிக் கொடுத்தேன். மூன்றும் தேறின. வீட்டில் மனுஷனுக்கு வாங்கி மிஞ்சின மாத்திரையைப் பொடித்துத் தொட்டியில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அளவு தெரியாது, ஃபில்டர் பாக்டீரியாவும் சாகும், அரைகுறையாகக் கொடுத்தால் மருந்துக்கு மசியாத கிருமிதான் மிஞ்சும்.

அந்த மாதக் காலண்டரில் என்ன இருந்தது தெரியுமா? முந்தின இரண்டு வாரமும் 'த' இல்லை. ஊருக்குப் போயிருந்தோம். பக்கத்து வீட்டில் தீனி போடச் சொல்லியிருந்தோம், அவர்கள் பாசத்தில் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான்தான் ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம் என்று மடித்துக் கொடுத்திருக்க வேண்டும். நான்கைந்து நாள் பயணமென்றால் வளர்ந்த மீனுக்குத் தீனியே தேவையில்லை.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018-ல் வந்த ஆறில் மிஞ்சியவற்றில் ஒன்றுக்கு 2023-ல் வயிறு வீங்க ஆரம்பித்தது. முதலில் மலச்சிக்கல் என்று நினைத்து, வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி கொடுத்தேன். உருண்டைக் கோல்ட் ஃபிஷ் தலைகீழாக மிதந்தால் அது சில சமயம் கேட்கும். நான்காம் நாள் மேலேயிருந்து குனிந்து பார்த்தபோது செதில் எல்லாம் தூக்கிக்கொண்டு, சீத்தாப்பழத் தோல் மாதிரி இருந்தது. அப்படி ஆகிவிட்டால் சிறுநீரகம் கைவிட்டு உடம்பில் நீர் கோத்துவிட்டது என்று அர்த்தம். டிராப்ஸி. தனித் தொட்டியில் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட், சாப்பாட்டு உப்பு இல்லை) போட்டு ஒரு வாரம் பார்த்தேன். நீந்த முடியாமல் பக்கவாட்டில் கிடந்தது, தீனியைப் பார்த்தாலும் கண்தான் அசைந்தது.

அப்போது மகளுக்குப் பதினொரு வயது. இந்த முறை மறைக்கவில்லை. "அதுக்கு வலிக்குதாப்பா?" என்றாள். வலிக்கும் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். நாட்டு மருந்துக் கடையில் கிராம்பு எண்ணெய் வாங்கினேன். ஒரு சின்ன டப்பாவில் தொட்டித் தண்ணீரையே எடுத்து, ஒன்றிரண்டு சொட்டு எண்ணெயை வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் குலுக்கி மெல்ல ஊற்றினேன். மீன் மயங்கித் தூங்கின பிறகு, லிட்டருக்குப் பத்து சொட்டு அளவுக்குக் கூட்டினேன். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விட்டோம். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதும், உயிரோடு ஏரியில் விடுவதும் செய்யக் கூடாத வேலை. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விற்கிற சக்கர் மீனை இப்படி விட்டு விட்டுத்தான் நம் ஏரிகளில் அது பெருகிக் கிடக்கிறது. மருதாணித் தொட்டி மண்ணில் புதைத்தோம். மகள்தான் மண் தள்ளினாள்.

இப்போது பால்கனி ஓரத்தில் நிழலில் ஒரு 20 லிட்டர் டப் எப்போதும் தயாராக இருக்கிறது. அதற்கான ஸ்பாஞ்ச் ஃபில்டர் பெரிய தொட்டியிலேயே ஓடிக்கொண்டிருக்கும், தேவைப்படும்போது தூக்கி டப்பில் வைத்தால் பழகின பாக்டீரியாவோடு வந்துவிடும். எந்தப் புது மீனும் அங்கே மூன்று வாரம் இருந்துதான் உள்ளே போகும். நோயாளிக்கும் அதே டப்தான். மெத்திலீன் புளூ மாதிரி மருந்தெல்லாம் டப்போடு சரி, பெரிய தொட்டிக்கு ஒருநாளும் கிடையாது. வலையும் பக்கெட்டும் டப்புக்குத் தனி. ஃபில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து திரும்ப வைப்பேன், குழாயடிக்குக் கொண்டுபோவதில்லை. கையில் வெட்டுக் காயம் இருந்தால் தொட்டிக்குள் கைவிட மாட்டேன். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி மீனிடமிருந்து நம் தோலுக்கும் வந்து, ஆறாத புண்ணாக்கும்.

பேட்டரியில் ஓடும் ஒரு ஏர் பம்பும் உண்டு, நிவர் இரவுக்கு அப்புறம் வாங்கியது.

போன வாரம் டப்புக்கு ஆறு கப்பி வந்திருக்கிறது. இன்று ஒன்பதாம் நாள். காலையில் ஒரு ஆண் கப்பி வாலைச் சுருக்கிக்கொண்டு ஓரமாக நின்றது. மகள்தான் முதலில் பார்த்தாள். கிட்டை எடுத்து ஐந்து மில்லி தண்ணீரில் சொட்டு விட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் காலண்டரைப் பார்த்தேன். நேற்று முன்தினம் 'த' இருந்தது, தண்ணீர் மெட்ரோ, அதாவது குளோரின் கலந்து வரும் குடிநீர் வாரியத் தண்ணீர் என்று எழுதியிருந்தது, ஆன்டி குளோரின் என்று எழுதவில்லை. "விட்டோமாப்பா?" என்றாள். இருவருக்கும் ஞாபகம் இல்லை. குழாயில் லேசாகப் பச்சை தட்டியிருந்தது. ஒரு நாள் வைத்திருந்த தண்ணீரில் கால் பங்கு மாற்றிவிட்டு இன்றைக்குத் தீனி வேண்டாமென்று முடிவுசெய்தோம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன், வாலை விரித்திருக்கிறது.